அவன் பெயரில் ஒரு பதிப்பு

இரங்கல் மின்னஞ்சலின் முதல் பத்தி, அவளுடைய கணவன் ஈடு இணையற்றவன் என்றது. இரண்டாவது பத்தி, அவனிடமிருந்த அலுவலக மடிக்கணினியை எப்போது வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று கேட்டது. இரண்டையும் எழுதியவர் மேலாளர். அவருக்கு ரிப்பன் என்று பட்டப்பெயர் வைத்தவன் அவள் கணவன்தான். எதையாவது கத்தரித்துத் திறந்துவைக்காவிட்டால் அந்த மனிதருக்குச் சாப்பாடு இறங்காது.

கணவனுக்கும் மனைவிக்கும் ஒரே அலுவலகம். அவன் நிரல் எழுதினான். அதை எப்படிப் பயன்படுத்துவது என்று அவள் விளக்கக் குறிப்பு எழுதினாள். அவர்கள் செய்துவந்த மென்பொருள், ஒரே கணினிக்குள் பல கன்டெய்னர்களை வைத்து நடத்தும். கன்டெய்னர் என்றால் மூடிய பெட்டி மாதிரி. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு நிரல் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். வெளியிலிருந்து வருகிறவர் கணினியின் எண் போட்ட வாசல் ஒன்றில் வந்து நிற்பார். அந்த வாசலுக்குத்தான் போர்ட் என்று பெயர். அவரை அங்கிருந்து சரியான பெட்டிக்குள் அனுப்பிவைக்கிற பகுதி அவனுடையது.

அதில் ஒரே ஒரு விஷயத்துக்காக அவன் வருடக்கணக்கில் மல்லுக்கட்டினான். வாடிக்கையாளர் போர்ட் எண்ணை மட்டும் எழுதி, யாருக்கெல்லாம் திறப்பது என்று சொல்லும் முகவரியை எழுதாமல் விட்டால் என்ன செய்வது? அந்தக் கணினியின் முன் உட்கார்ந்திருப்பவர் மட்டும் வரட்டும் என்றான் அவன். ஊர் உலகமே வரட்டும் என்றார் ரிப்பன்.

"கஸ்டமர் போன் போட்டு, திறக்கலன்னு திட்டுறான்பா."

"திறக்கலன்னு திட்டுறவன் பொழச்சுக்குவான் சார். திறந்து கிடக்குறதே தெரியாதவன்தான் போயிடுவான்."

"கண்டவன் உள்ள வராம தடுக்கத்தான் ஃபயர்வால் இருக்கே."

"நாம எழுதுற விதி, ஃபயர்வால் பாக்குறதுக்கு முன்னாடியே ஆளை உள்ள அனுப்பிடுது சார். அது பாவம், வேற வாசல்ல நின்னு கொட்டாவி விட்டுட்டு இருக்கும்."

ரிப்பன் தலையாட்டுவார். அடுத்த கூட்டத்தில் மறுபடியும் ஃபயர்வால் என்பார். கேட்டதில் அந்த ஒரு சொல் மட்டும் அவர் மண்டையில் நிலையாகக் குடியேறிவிட்டது. மற்றவை காலி செய்துகொண்டு போய்விட்டன.

பிறகு ஒரு காலையில், ஷூ நாடாவைக் கட்டக் குனிந்தவன் நிமிரவில்லை.

அவள் வேலைக்குத் திரும்பியதும் ரிப்பன் தன் அறைக்குக் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "புதுப் பதிப்புக்கு அவர் பேரையே வைக்கிறோம்மா," என்றார். அவள் கண் கலங்கியது உண்மை. நன்றி சொன்னதும் உண்மை. இருக்கைக்கு வந்து, விளக்கக் குறிப்பு எழுதுவதற்காக அந்தப் பதிப்பில் செய்திருந்த மாற்றங்களைப் படித்தபோது கண் நன்றாகவே உலர்ந்துவிட்டது. முகவரி எழுதப்படாத போர்ட் இனி எல்லோருக்கும் திறக்கும். அவனை அனுப்பிவைத்த கையோடு அவர்கள் செய்த முதல் வேலை அதுதான்.

"சார், இது அவர் கடைசி வரைக்கும் வேண்டாம்னது."

"எமோஷனலா பாக்காதீங்கம்மா. இருந்திருந்தா அவரே ஒத்துக்கிட்டிருப்பார்."

செத்தவர்களிடம் இது ஒரு வசதி. எதற்கு வேண்டுமானாலும் ஒத்துக்கொள்வார்கள்.

அந்தப் பெயரை வைக்கக் கூடாது என்று அன்றே முடிவு செய்தாள். ஆனால் அதற்குள் ரிப்பன் அவளுடைய மாமியாருக்குப் போன் போட்டு விழாவுக்கு அழைத்துவிட்டிருந்தார். அவள் வீட்டுக்குப் போனபோது, லிஃப்டில் பார்த்தவர்களிடமெல்லாம் அத்தை சொல்லி முடித்திருந்தாள்.

"அத்தை, அவர் பேர் வேண்டாம்னு சொல்லிடலாம்னு இருக்கேன்."

"ஏன்? செத்தவனை யாரு இப்பல்லாம் நினைக்கிறா? நினைக்கிறேன்னு வர்ற ஒருத்தரையும் விரட்டணுமா?"

"அவர் கட்டினதை இடிச்சுட்டு, இடிச்ச இடத்துல அவர் பேரை எழுதுறாங்க."

"எனக்கு உங்க கம்ப்யூட்டர் எல்லாம் புரியாதும்மா. என் பிள்ளை பேரு ஒரு இடத்துல இருக்கும். எனக்கு அது போதும்."

அத்தை குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் தேய்க்கத் தொடங்கினாள். ஏற்கெனவே தேய்த்துக் கவிழ்த்த பாத்திரங்கள் அவை.

விழா நாளன்று கூட்ட அறையில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். பெரிய திரையில் அவன் படம். அடையாள அட்டைப் படத்தை இழுத்துப் பெரிதாக்கியதில் மூக்கு கட்டம் கட்டமாகத் தெரிந்தது. வேறு படம் இருக்கிறதா என்று யாரும் அவளிடம் கேட்கவில்லை. முன்வரிசையில் அத்தை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பின்வரிசையில் அவளும், மென்பொருளைச் சோதிக்கிற பெண்ணும். அந்தப் பெண்ணை எல்லோரும் நெருஞ்சி என்பார்கள். காலில் தைக்கிற மாதிரி பேசுவாள், அவ்வளவுதான், மனசு நல்லது.

ரிப்பன் புதுப் பதிப்பைத் தன் மடிக்கணினியிலேயே இயக்கிக் காட்டினார். அவன் படம் போட்ட அஞ்சலிப் பக்கம் ஒரு கன்டெய்னரில், அதைத் திருத்துகிற பக்கம் இன்னொன்றில். எல்லோரும் பார்க்கப் பெரிய திரையிலேயே போர்ட் எண்களைத் தட்டினார். முகவரி எழுதவில்லை. வாழ்நாளில் அவர் அதை எழுதியதே இல்லை; அவருக்கும் சேர்த்து யோசிக்க இதுவரை ஓர் ஆள் இருந்தான்.

"பாத்தீங்களா, எவ்வளவு ஈஸி," என்று மைக்கைப் பிடித்தார்.

நெருஞ்சி அந்த எண்ணைத் தன் போனில் தட்டிப் பார்த்தாள். "அக்கா, திருத்துற பக்கம் என் போன்ல திறக்குது."

"பாஸ்வேர்ட் கேக்கலையா?"

"தன் மெஷின்ல தனக்கு எதுக்கு பாஸ்வேர்டுன்னு விட்டிருப்பாரு மகராசன்."

மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் முன்னால் இருந்தவர்களுக்குக் காது நன்றாகக் கேட்டது. போன்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. சற்று நேரத்தில் திரையில் தெரிந்த அஞ்சலிப் பக்கத்தில் 'நம் மேலாளர்' என்று இருந்த இடம் 'நம் ரிப்பன்' ஆனது. அறை சிரித்தது. திரைக்கு முதுகு காட்டி நின்ற ரிப்பன், தன் நகைச்சுவை எடுபடுகிறது என்று நினைத்து இன்னும் இரண்டு ஜோக் சொன்னார். அவளுக்கும் சிரிப்பு வந்தது. அவன் போன பிறகு முதல்முறையாக வந்த சிரிப்பு.

அது பாதியிலேயே நின்றது. திரையில் அவன் படம் காணாமல் போய், அந்த இடத்தில் மாடியில் இருக்கும் காபி இயந்திரத்தின் படம் வந்திருந்தது. கீழே அவன் பெயர் அப்படியே இருந்தது.

யார் செய்தது என்று கடைசிவரை தெரியவில்லை. யார் வேண்டுமானாலும் செய்திருக்கலாம், அதுதான் விஷயமே.

"என் பிள்ளை போட்டோ எங்க?" என்று அத்தை கேட்டாள். மைக் இல்லாமலே எல்லோருக்கும் கேட்டது.

ரிப்பன் திரும்பிப் பார்த்தார். "ஃபயர்வால் போட்டிருந்தேனே," என்றார்.

அவள் எழுந்து முன்வரிசைக்குப் போய் அத்தையின் பக்கத்தில் நின்றாள். அத்தை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இதைத்தான் அவன் வேண்டாம்னானா?"

"ஆமா அத்தை."

அத்தை மேலாளரைப் பார்த்தாள். "தம்பி, அவன் பேரை எடுத்துடுங்க."

"அம்மா, இது சின்னக் கோளாறு, இப்பவே சரி பண்ணி..."

"அவன் இருக்கறப்ப சொன்னானே, அப்ப சரி பண்ணீங்களா?"

ரிப்பன் நெருஞ்சியைப் பார்த்தார், மற்றவர்களைப் பார்த்தார். எல்லோரும் தங்கள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் காபி இயந்திரத்திடம் சொல்வதுபோல, "சரிம்மா," என்றார்.

பதிப்பு நிற்கவில்லை. 'விடியல்' என்று வேறு பெயர் சூட்டி, அந்த மாற்றத்தோடேயே வெளியிட்டார்கள். விளம்பரம் முன்பே போய்விட்டதாம். அத்தனை பேர் கண்ணெதிரில் நடந்ததிலிருந்து ரிப்பன் கற்றுக்கொண்டது, விழாவில் போனை வாங்கி வைத்துவிட வேண்டும் என்பதுதான்.

விளக்கக் குறிப்பு மட்டும் அவள் கையில் இருந்தது. வீட்டு மேசையில் உட்கார்ந்து அதன் முதல் வரியை எழுதினாள். அத்தை எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"என்ன எழுதியிருக்க, படி."

"முகவரி எழுதாமல் திறக்கும் போர்ட்டுக்குள் எவரும் நுழையலாம். உங்கள் ஃபயர்வால் அவர்களைத் தடுக்கும் என்று நம்ப வேண்டாம்."

"அவன் சொன்ன மாதிரியே இருக்கா?"

"அவர்னா இன்னும் கொஞ்சம் திட்டியிருப்பார்."

"அப்ப நீயும் திட்டி எழுது," என்றாள் அத்தை.