பென்னட் பார்க்கில் ஒரு வெளியூர் ஆட்டம்

லௌத்தோகா ஊரின் பென்னட் பார்க் கால்பந்து மைதானத்துக்கு எழுபத்தைந்து வயது ஆனபோது, அதன் முதுகை நிமிர்த்திவிடுவது என்று பர்மோத் நாடன் முடிவு கட்டினார். கரும்பு ஆலைக்காரர்கள் ஒரு வயலை அவசர அவசரமாகத் தட்டிப் போட்ட மைதானம் அது. கேலரிப் பக்கம் மேடு. அங்கிருந்து கரும்பு ரயில் தண்டவாளம் வரைக்கும் ஒரே சரிவு. மூன்று சூறாவளிகள் கேலரிக் கூரையைப் பிய்த்துக்கொண்டு போயின. ஒவ்வொரு தடவையும் கையில் கிடைத்த தகரத்தைப் போட்டு மூடியதில் கூரை மூன்று நிறத்தில் நிற்கிறது. ஆனால் சரிவை மட்டும் ஒருவரும் தொடவில்லை. தொடுவார்களா? கோப்பை கோப்பையாக வாங்கிக் கொடுத்ததே அதுதானே! உள்ளூர்ப் பிள்ளைகள் அங்கே பந்தை ஒரு முழம் மேட்டுப் பக்கமாகத்தான் உதைப்பார்கள், அது வளைந்து வந்து சேர வேண்டிய இடத்தில் சேரும். வெளியூர்க்காரன் நேராக உதைப்பான், பந்து தண்டவாளத்துக்குப் போகும்.

"உங்க கோப்பையில பாதிய அந்த மேட்டுக்குக் குடுத்துருங்கய்யா" என்று தவுவா ஊர்க்காரர்கள் வருஷா வருஷம் பர்மோத்தைக் கிண்டல் செய்வார்கள். கிளப் தலைவர் அவர், ரோஷக்காரர் வேறு. சொந்தமாக லாரி வைத்திருக்கும் மனிதருக்கு ரோஷமும் வந்துவிட்டால் மண் என்ன பாடுபடும்! லாரி லாரியாக மண்ணைக் கொட்டித் தண்டவாளப் பக்கத்தை நிரவியே விட்டார்.

அணித் தலைவன் பிரனீல் அவருடைய மனைவியின் தம்பி. பதினெட்டு வருஷம் ஆடிவிட்டான். தவுவாவுக்கு எதிரான ஆண்டுவிழா ஆட்டம்தான் அவனுக்குக் கடைசி.

"நல்லா ஓடுற வண்டிய எதுக்கு அத்தான் பிரிக்கிறீங்க?" என்றான்.

"நேர்மையா ஜெயிச்சுக் காட்டணும்டா மச்சான். உன் கடைசி ஆட்டத்த ஒருத்தனும் குறை சொல்லக் கூடாது. கோப்பையோட போகணும் நீ."

அவன்மீது அவருக்கு அவ்வளவு பிரியம். பிரியத்தில் ஒன்றை மறந்துவிட்டார். புல் வேர் பிடிக்கட்டும் என்று ஆட்ட நாள் வரை பழகிப் பார்க்கக்கூட ஒருவரையும் உள்ளே கால் வைக்க விடவில்லை.

விசில் ஊதியது. பிரனீல் வழக்கம்போல ஒரு முழம் தள்ளி உதைத்தான். பந்து வளையவில்லை, நேரே கேலரிக்குப் போய் யங்கோனா வேர்ச்சாறு குடித்துக்கொண்டிருந்தவர்களின் கிண்ணத்தைக் கவிழ்த்தது. அடுத்தவன் உதைத்ததும் கேலரிக்கே. தவுவாக்காரர்களோ எப்போதும்போல நேராக உதைத்தார்கள். பந்தும் சமர்த்தாக நேராகப் போய் இரண்டு முறை வலைக்குள் விழுந்தது.

கேலரியில் முரசடிக்கும் மெரேயோனி எழுந்து நின்றாள். பேருந்து நிலையத்தில் மீன் விற்கும் குரல் அது. "ஏ பர்மோத்து! லாரியக் கொண்டாய்யா, மண்ண அள்ளு!" ஊரே சிரித்தது. பர்மோத்துக்கு அழுகை வந்தது.

இடைவேளையில் உடைமாற்றும் அறைக்குப் போனார். "என்ன மன்னிச்சுருடா. உன் கடைசி ஆட்டத்த நானே கெடுத்துட்டேன்."

பிரனீல் ஷூவைக் கழற்றி மணலைத் தட்டிக்கொண்டிருந்தான். "அத்தான், போன வாரம் நாந்தி ஊருக்கு ஆடப் போனப்ப எத்தன கோல் போட்டோம்?"

"நாலு."

"அங்க சரிவு இருக்கா?"

"ஏது?"

"அப்ப எங்க காலுக்கு ஒரு கோளாறும் இல்ல. வீட்டுல ஆடுறோம்னு நெனச்சுக்கிட்டு அதும்பாட்டுக்கு ஆடுது. டேய், வெளியூர் ஆட்டத்துக்குப் போடுற மஞ்ச பனியன எடுங்கடா!" எல்லோரும் மாற்றிக்கொண்டார்கள். கிளம்பும்போது அவன் நின்றான். "ஆனா நம்ம சனம் கை தட்டுனா கால் மறுபடியும் வீட்டுக்கு வந்துரும். எங்களத் திட்டச் சொல்லுங்க."

"யார?"

"எங்களத்தான். வெளியூர்ல எப்படித் திட்டுவாங்களோ, அப்படி."

பர்மோத் ஒலிபெருக்கியைப் பிடித்தார். "சனங்களே, நம்ம பசங்க கேக்குறாங்க... இப்ப வர்றவன் எவனும் நம்ம ஆளு இல்ல. யாரும் கை தட்டாதீங்க. திட்டுங்க!"

முதலில் மெரேயோனிதான் ஆரம்பித்தாள். "யாருடா அந்த மஞ்சப் பனியன்? பொணத்துக்குக் கால் மொளச்ச மாதிரி ஓடுறான்!" அப்புறம் கேட்க வேண்டுமா? பதினெட்டு வருஷமாக வாய்க்குள் அடக்கி வைத்திருந்ததையெல்லாம் ஊர் கொட்டித் தீர்த்தது. தவுவாவின் ரசிகர்கள் மிரண்டுபோய் வாயை மூடிக்கொண்டார்கள்.

கால்கள் நம்பிவிட்டன. பந்து நேராகப் போனது, ஒன்று விழுந்தது, அப்புறம் இன்னொன்று. ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் பிரனீல் எட்டத்திலிருந்து உதைத்தான். கோல்! பர்மோத்தின் இரண்டு கையும் தட்டுவதற்கு எழுந்தன. ஒலிபெருக்கியை இறுகப் பிடித்து அடக்கிக்கொண்டு, "திருட்டுப்பய கோலுடா!" என்று கத்தினார்.

கடைசி விசில் ஊதியது. பிரனீல் கோப்பையோடு மைதானத்தைச் சுற்றி வந்தான். திட்டுவதை நிறுத்தச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. மூன்று நிறக் கூரையின் கீழ் எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஊளையிட்டார்கள்.

"போடா!" பர்மோத்தின் குரல் ஒலிபெருக்கியில் உடைந்தது. "போய்த் தொலைடா... இந்தப் பக்கமே வந்துராத, மச்சான்!"

பிரனீல் அவர் முன்னால் வந்து நின்று, காதருகே கையைக் குவித்து, இன்னும் சத்தமாகத் திட்டச் சொன்னான்.