வாய்க்கால் கீரை

"எங்கப்பா ஃபைலை என் கையில குடுங்க சார்."

டாக்டரிடம் எதையும் கேட்காதே, கோபித்துக்கொள்வார் என்று ஆறு வாரமாக அம்மா ஓதியதெல்லாம் விழலுக்கு இறைத்த நீராய்ப் போனது. அம்மா மகளின் முழங்கையைக் கிள்ளினாள்.

"படிச்சா புரியுமா உனக்கு?" என்றார் டாக்டர்.

"விலங்கியல் பட்டம் வாங்கியிருக்கேன். எங்க வம்சத்துலயே காலேஜ் வாசல் மிதிச்சவ நான் ஒருத்திதான். அந்தச் செலவுக்காவது வாசிக்கிறேனே!"

கொடுத்தார். அப்பாவின் காய்ச்சல் ஊசிக்கும் மசியவில்லை, மாத்திரைக்கும் மசியவில்லை. சளியில் கிருமியே இல்லாவிட்டாலும் நாளை முதல் காசநோய் மருந்து, ஆறு மாதத்துக்கு.

நான்கு ரத்தப் பரிசோதனைத் தாள்களிலும் அவள் விரல் ஒரே வரியில் நின்றது.

"ஈசினோஃபில்ங்கிற வெள்ளை அணு நூத்துக்கு ஆறுக்குள்ள இருக்கணும். நாப்பதைத் தாண்டியிருக்கு சார்."

"அலர்ஜியா இருக்கும்மா."

"உடம்புக்குள்ள புழு அலைஞ்சாலும் ஏறும். அப்பா என்ன வேலை பாக்கறாருன்னு யாராவது கேட்டீங்களா? 'கூலி'ன்னு மட்டும் எழுதியிருக்கு." அப்பாவிடம் திரும்பினாள். "வாய்க்கால் தூர்வாரும்போது எதையாவது பறிச்சுத் தின்னியாப்பா?"

கட்டிலில் கிடந்தவர் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளைபோல நெளிந்தார். "தண்ணியோரம் கீரை முளைச்சிருக்கும். பசிச்சா பச்சையா ஒரு கை மெல்லுவேன். வெளியில சாப்பிட்டியான்னு டாக்டர் கேட்டாரு. கடைப்பக்கமே போகலை, அதான் இல்லைன்னேன்."

"அடப்பாவி மனுஷா!" என்றாள் அம்மா. "நான் ஆக்கிப் போட்டா உப்பில்லைன்னு மூஞ்சியத் தூக்குறது. அங்க மாட்டோட மாடா மேஞ்சிருக்கே!"

அப்பாவுக்கே சிரிப்பு வந்தது. சிரித்த வேகத்தில் வலது விலாவைப் பிடித்துக்கொண்டார்.

டாக்டர் அப்போதுதான் நாற்காலியை விட்டு எழுந்தார். விலாவுக்குக் கீழே மெதுவாக அழுத்தினார். "அந்த வாய்க்கால்ல மாடு தண்ணி குடிக்குமா?"

"குடிக்கும், புரளும், எல்லாம் பண்ணும்ங்க."

"மாட்டுச் சாணத்துலேர்ந்து தண்ணியோரக் கீரைக்கு வர்ற ஈரல் புழுவா இருக்கலாம்." அவர் குரல் இறங்கியிருந்தது. "உறுதி பண்ற பரிசோதனை இங்க இல்லை. ஆனா அதுதான்னா ஆறு மாசமெல்லாம் வேண்டாம், ஒண்ணு ரெண்டு நாள் மாத்திரையே போதும்."

"அப்பா வேலையையும் காய்ச்சலையும் சொல்லி மருத்துவக் கல்லூரில ஒட்டுண்ணிப் பிரிவுல காலையிலேயே பேசிட்டேன். ரத்தத் தாளெல்லாம் எடுத்துட்டு வரச் சொன்னாங்க. ஒரு கடிதம் மட்டும் குடுங்க."

அவர் எழுதினார். 'கூலி' என்று எழுதப் போன பேனாவை அவள் குரல் நிறுத்தியது. "வாய்க்கால் தூர்வாருபவர்னு போடுங்க சார்."

துணிமணி எடுத்து வைக்க அம்மா பதறி ஓடினாள். கட்டிலுக்கடியில் பை கட்டித் தயாராக இருந்தது. வாசலில் வண்டியும் நின்றது. ஃபைலை அக்குளில் இடுக்கிக்கொண்டு, அப்பாவின் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு அவள் நடந்தாள்.