தாடையோரத்து நிறம்

கண்டி நகரத்தில் செல்லச்சாமி முதலாளியின் பெயின்ட் கடையில் கணேஸ் பதினொரு வருடமாக நிறம் கலக்கிறான். நிறம் கலக்க இயந்திரம் ஒன்றும் அங்கே இருக்கிறது. ஆனால் பத்து வருட மழையும் வெயிலும் பட்ட பழைய சுவரின் நிறம் அதற்குப் பிடிபடாது. யாராவது சுவரிலிருந்து ஒரு துண்டைப் பெயர்த்துக் கொண்டு வந்தால், கணேஸ் அதைக் கடை வாசலுக்கு எடுத்துப்போய் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பான். உள்ளே வந்து மஞ்சளில் இரண்டு சொட்டு, கறுப்பில் ஒரு துளி என்று விடுவான். பூசிக் காய்ந்த பிறகு, எந்த இடத்தில் பூசியது என்று வீட்டுக்காரருக்கே தெரியாது.

அப்படிப்பட்டவனால் தன் முகத்துக்குப் பொருந்துகிற ஒரு பவுண்டேசனை வாங்க முடியவில்லை.

அவனுக்கு முப்பத்து நான்கு வயது. அம்பிட்டியவில் ஒரு வீட்டின் பின்பக்கத்தை வாடகைக்கு எடுத்துத் தனியாக இருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் கதவைப் பூட்டி, ஜன்னல் சீலைகளை இழுத்துவிட்டு, சேலை கட்டிக்கொள்வான். பதினாறு வயதிலிருந்து இருக்கிற விருப்பம் அது; ஒருவரிடமும் சொன்னதில்லை. கொசுவத்தைச் செருகி முந்தானையைத் தோளில் போட்டதும் ஒரு வாரக் களைப்பு இறங்கிவிடும். மேக்கப் போடும் துணிச்சல் மட்டும் இந்த வருடம்தான் வந்தது.

முதல் போத்தலைத் தங்கச்சிக்கு என்று சொல்லி, சரியாகப் பார்க்காமல் கையில் அகப்பட்டதை வாங்கி வந்தான். பூசியபோது முகம் சுண்ணாம்பு அடித்தது போல வெளுத்தது. இரண்டாவது செங்கல் நிறம். மூன்றாவதைப் போனில் படம் பார்த்து வரவழைத்தான். அது பரவாயில்லை என்று நினைக்கும்போதே மேலுதட்டிலும் தாடையிலும் சாம்பல் பூத்தது. மழித்த தாடி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தது. அன்றைக்குக் கண்ணாடியில் பார்த்தபோது, சேலை தன்னுடையது, முகம் வேறு யாருடையதோ என்று இருந்தது. சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுச் சேலையையும் அவிழ்த்து மடித்து வைத்தான். அடுத்த இரண்டு ஞாயிறும் அலுமாரியைத் திறக்கவே இல்லை.

அதற்கடுத்த வாரம்தான் ஜஹானா கடைக்கு வந்தாள். அலவத்துகொடையில் தன் வீட்டிலேயே கலியாணப் பெண்களுக்கு அலங்காரம் செய்பவள், நாற்பத்தைந்து வயதிருக்கும். வந்ததும் வராததுமாகக் கலர் அட்டையை மேசையில் வைத்தாள்.

"தம்பி, இந்தக் கிரீம் கலரத்தான் ரூமுக்கு அடிச்சேன். அட்டையில கிரீமா ஈக்கிது, செவத்துல ரோஸா தெரியிது. இது என்ன கூத்து?"

"ரூம்ல என்ன லைட்டுங்க?"

"வட்ட லைட். மேக்கப்புக்குப் போடுறது."

"அட்டைய இங்க டியூப் லைட்டுல பாத்திருப்பீங்க. வெயில்ல பாத்திருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும். இதுல அடியில சிவப்பு ஓடுதுங்க. கொஞ்சம் மஞ்சள் விட்டுத் தர்றேன்."

வாசலுக்குக் கூட்டிப்போய்க் காட்டினான். ஜஹானாவுக்குச் சந்தோசம்.

"இதே கதைதான் மூஞ்சிக்கும். புள்ளைகள் எல்லாம் கையில பூசிப் பாத்து வாங்கிட்டு வந்து அழுவாங்க. தாடையோரமா பாக்கோணும்."

கடைக்குள் அப்போது வேறு ஆள் இல்லை. முதலாளி பின்னால் போனில் பேசிக்கொண்டிருந்தார். கணேஸ் யோசிக்காமல் கேட்டுவிட்டான்:

"அக்கா, பவுண்டேசன் போட்டா வாயைச் சுத்திச் சாம்பல் அடிக்குதே, அதுக்கு என்ன செய்யணும்?"

"யாருக்கு?"

"தங்கச்சிக்கு."

ஜஹானா அவனுடைய தாடையை ஒரு கணம் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"ஷேவ் எடுக்கிற இடத்துலதான் தம்பி சாம்பல் அடிக்கும்."

அவனுக்குக் காது சூடாகிவிட்டது. கையிலிருந்த டின்னின் மூடியைத் தேவையில்லாமல் அமுக்கினான். அவள் பையிலிருந்து தன் விலாச அட்டையை எடுத்து மேசையில் வைத்தாள்.

"போயா அண்டைக்கு எனக்கு மணப்பொண்ணு யாரும் இல்ல. வாங்க. ராத்தாவும் வீட்டுல ஈப்பா."

பௌர்ணமி விடுமுறையான போயாவுக்கு ஆறு நாள் இருந்தது. அந்த ஆறு நாளும் முதலாளி கூப்பிடும்போதெல்லாம் கணேஸ் முதலில் அவருடைய முகத்தைத்தான் பார்த்தான். அவள் யாரிடமாவது சொல்லியிருப்பாளோ? போகாமல் இருந்துவிடலாம் என்று நினைத்தான். போகாவிட்டால் இந்தக் கேள்வியை இனி யாரிடமும் கேட்க முடியாது என்றும் நினைத்தான். போயா அன்று காலையில் நன்றாக மழித்துக்கொண்டு மாத்தளை பஸ்ஸில் ஏறினான்.

ஜஹானாவின் அலங்கார அறைக் கதவு அகலத் திறந்திருந்தது. அடுத்த அறையில் அவளுடைய ராத்தா, கூடப்பிறந்த அக்கா ரபீகா, தையல் மெசினில் ஒரு சட்டைக்குக் கை வைத்துக்கொண்டிருந்தாள். கணேஸைக் கண்ணாடிக்கு முன்னால் இருந்த கதிரையில் உட்காரச் சொல்லிவிட்டு, ஜஹானா ஸ்பொஞ்சை அவன் கையில் கொடுத்தாள்.

"ஆம்புளைகளுக்கு நான் தொட்டுப் பூசுறதில்ல. நான் சொல்றேன், நீங்களே பூசுங்க. வீட்டுலயும் நீங்கதானே பூசோணும்?"

வட்ட விளக்கைப் போட்டாள். அவள் எடுத்துக் கொடுத்த நிறத்தை அவன் கன்னத்தில் ஒற்றினான். கண்ணாடியில் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பழக்கம் விடவில்லை. கைக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான்.

"அக்கா, கொஞ்சம் வெளிய வாங்க. பப்பாளி மாதிரி இருக்குங்க."

ஜஹானா வந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள். "அல்லாவே! நீங்க படிச்சுக் குடுத்தத நானே மறந்துட்டேன்."

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. ஊரார் சுவரையெல்லாம் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தவன், தன் முகத்தை மட்டும் ஜன்னலை மூடிக்கொண்டு டியூப் லைட்டில் பார்த்திருக்கிறான். வேறு எப்படிப் பார்த்திருக்க முடியும்?

வாசலிலேயே ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டார்கள். தாடையோரத்தில் மூன்று கோடு இழுத்தான். ஒன்று வெளுப்பு, ஒன்று சிவப்பு. நடுக்கோடு கிட்டத்தட்டச் சரி. ஆனால் மஞ்சள் போதாது. அவன் கேட்காமலே ஜஹானா இன்னொரு போத்தலை நீட்டினாள். ஒரு சின்னத் தட்டில் மூன்றுக்கு ஒரு சொட்டு என்று கலந்தான்.

"முதல்ல சாம்பலுக்கு இது," என்று ஆரஞ்சு நிறக் களிம்பொன்றைக் காட்டினாள். "தாடி ஈக்கிற இடத்துல மட்டும். மெல்லிசா."

"கறை பிடிச்ச செவத்துக்கு முதல்ல பிரைமர் அடிக்கிற மாதிரி."

"அப்படித்தான். இப்ப அதுக்கு மேல தட்டுங்க. தேய்க்காதீங்க. தேச்சா கீழ உள்ளது கெளம்பி வரும்."

அவன் தட்டினான். தாடையிலிருந்து கன்னத்துக்கு, மேலுதட்டுக்கு. உள்ளே மெசின் நின்றது. ரபீகா எட்டிப் பார்த்தாள். கணேஸின் கை அப்படியே நின்றுவிட்டது.

"கழுத்துக்கும் கொஞ்சம் இழுக்கச் சொல்லு புள்ள," என்று ஜஹானாவிடம் சொல்லிவிட்டு ரபீகா மறுபடியும் மெசினை மிதிக்கத் தொடங்கினாள்.

கழுத்துக்கும் இழுத்தான். பிறகு கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தான். எங்கே தொடங்கினான், எங்கே முடித்தான் என்று தேடினான். தெரியவில்லை. சாம்பல் இல்லை, கோடு இல்லை. அவனுடைய முகம்தான், அவனுடைய மாநிறம்தான். ஆனால் தாடி என்ற ஒன்று அந்த முகத்தில் முளைத்ததே இல்லாதது போல இருந்தது. கண்ணாடியை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு மறுபடியும் தூக்கிப் பார்த்தான். ஜஹானா உள்ளே போய் ஒரு பிளேன்டியோடு வந்தாள்.

"அக்கா, கடையில முதலாளிகிட்ட..."

"நான் பெயின்ட் வாங்க வார ஆள். முதலாளிக்கிட்ட எனக்கு வேற என்ன கதை?" என்றாள். "டீயக் குடிங்க. போத்தல் பேரெல்லாம் எழுதித் தாரேன்."

போகும்போது முகம் கழுவத் தண்ணீர் கேட்டான்.

"கழுவுறதுன்னா கழுவுங்க. ஆனா கழுவாமப் போனாலும் ஒருத்தருக்கும் விளங்காது."

அவன் குழாயடி வரைக்கும் போனான். அங்கே நின்று யோசித்தான். குழாயைத் திறக்காமல் திரும்பி வந்து, சொல்லிக்கொண்டு புறப்பட்டான்.

கண்டி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தான். கொண்டக்டர் டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளிடம் போனார். அடுத்த தரிப்பிடத்தில் ஏறிய இராஜேஸ்வரி அவனைக் கண்டதும் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். அவள் மாநகரசபையில் கிளார்க்; போன தீபாவளிக்கு அவள் வீட்டுச் சுவருக்கு நிறம் கலந்து கொடுத்தவன் அவன்தான். கணேஸுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினான். வெயில் நேராக முகத்தில் விழுந்தது. இனித் திருப்பி என்ன பயன் என்று அவளைப் பார்த்தே பேசினான்.

அவள் மகளைப் பார்த்துவிட்டு வருகிற கதையைச் சொன்னாள். சமையலறைச் சுவரில் எண்ணெய்ப் பிசுக்குப் போகவில்லை என்றாள். எதைப் பூசலாம் என்று கேட்டாள். அவன் விளக்கமாகச் சொன்னான். சொல்லச் சொல்ல நெஞ்சடிப்பு எப்போது நின்றது என்று அவனுக்கே தெரியவில்லை. கட்டுகஸ்தோட்டைப் பாலம் தாண்டியபோது அவள் அவனை ஒருமுறை உற்றுப் பார்த்தாள்.

"என்ன கணேஸ், முகம் இன்னைக்குத் தெளிவா இருக்கு? நல்லாத் தூங்கினீங்களா?"

கணேஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கவும் தோன்றவில்லை.

"ஆமாங்க," என்றான். "இன்னைக்கு லீவுதானே."