எடுத்துக்கொள்ளாத சொற்கள்

கட்டிலோரம் இருந்த பெட்டியின் வயரைப் பிடுங்கிவிட்டு யாதிரா அப்பாவின் முகத்துக்கு நேரே குனிந்தாள்.

"இப்ப சொல்லுங்கப்பா. இப்பத்தானே ஒண்ணு சொன்னீங்க, அதையே திரும்பச் சொல்லுங்க."

அப்பா எலியேசெரின் உதடுகள் கோணின. "மா… க்கா…" என்று காற்றுபோல ஏதோ வந்தது. பக்கவாதம் விட்டுவைத்த பேச்சு அவ்வளவுதான்.

மகாங்கே ஊர்ப் படகுத்துறையில் மோட்டார் பழுது பார்த்தவர் அவர். வாயைத் திறந்தாலே திட்டுத்தான். அப்படிப்பட்டவர் ஊமையாகக் கிடப்பதைப் பார்க்கச் சகிக்காமல்தான், அவர் தலைக்குள் மின்னணுச் சில்லு வைக்க அம்மா நூபியா ஒப்புக்கொண்டாள். கட்டிலோரப் பெட்டி மூலம் அவரையும் சேர்த்து, ஆயிரக்கணக்கான தலைகளை ஒன்றாகக் கோத்த ஏற்பாடு அது. ஒருவருக்குச் சிக்காத சொல்லை மற்ற எல்லாருடைய மூளையிலும் துழாவி எடுத்து அவர் நாக்கிலேயே கொண்டுவந்து வைக்கும் என்றார்கள்.

பேச்சு வந்தது. ஆனால் அது அவர் பேச்சாக இல்லை. "இந்தக் காபியில உன் கை மணக்குது" என்று அம்மாவிடம் சொன்னார். எதிர்வீட்டு எராக்ளியோவுக்கும் சில்லு உண்டு. அடுத்த வாரமே அவரும் தன் மனைவியிடம் அதே வாக்கியத்தைச் சொன்னார். அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். யாதிராவால் சிரிக்க முடியவில்லை. அன்றுமுதல் அப்பா எதைச் சொன்னாலும், யார் வீட்டிலிருந்து வந்த பேச்சோ என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இன்று காலை கஞ்சியைத் தள்ளிவிட்டு அவர் சொன்னார்: "அன்னிக்கு நான் கதவைத் திறந்திருக்கணும். மன்னிச்சிடு மகளே."

கைக்குழந்தையோடு புருஷனை விட்டு வந்து அவள் இந்த வீட்டு வாசலில் மழையில் நின்ற நாள் அது. உள்ளே விளக்கு எரிந்தது, கதவு திறக்கவில்லை. அதற்கு முன்னும் பின்னும் "ஏய்" என்பதைத் தவிர அவளை அவர் வேறெப்படியும் கூப்பிட்டதில்லை. மகளே என்ற சொல் எங்கிருந்து வந்தது?

"சொல்லுங்கப்பா. உங்க வாயால."

அவர் இன்னொரு முறை முயன்றார். கழுத்து நரம்பு புடைத்தது. பிறகு அவளையே பார்த்தபடி வாயை மூடிக்கொண்டார்.

"அங்க என்னடி பண்றே?" அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல்.

யாதிரா வயரைச் செருகினாள். பச்சை விளக்கு வந்தது. "அப்பா" என்றாள். அவர் பேசவில்லை. நிலைமை மோசமாகி, பாதிரியார் வந்து கடைசி எண்ணெய் பூசியபோதும் பேசவில்லை. மதியம் மூச்சு அடங்கியது.

சாயங்காலம் தெருவெல்லாம் நாற்காலி போட்டு உறவினர்கள் உட்கார்ந்திருக்க, சில்லை எடுக்கக் கம்பெனி ஆள் வந்தான். தைரோ என்று பெயர் சொன்னான். காதின் பின்னால் வேலையை முடித்து, பஞ்சு வைத்து ஒட்டிவிட்டு, கையிலிருந்த திரையைப் பார்த்தான்.

"காலைல கொஞ்ச நேரம் இணைப்பு அறுந்திருக்கே."

"கரண்ட் போச்சு" என்றாள் அம்மா உடனே.

கரண்ட் போகவில்லை. யாதிரா அம்மாவைப் பார்த்தாள். அம்மா பார்வையை அவள் பக்கம் திருப்பவே இல்லை.

"தம்பி, ஒண்ணு கேக்கறேன்" என்றாள் யாதிரா. "இவர் பேசினதெல்லாம் இவர் பேசினதா, உங்க மெஷின் பேசினதா?"

"மெஷின் சொல்லை நீட்டும்க்கா. எடுத்துக்கறது அவங்க இஷ்டம்."

"எல்லா வீட்லயும் இதையேதான் சொல்வீங்களா?"

"கேட்டா இப்படிச் சொல்லணும்னுதான் சொல்லியிருக்காங்க."

"பொய்யா இருந்தாலும்?"

"அது எனக்குத் தெரியாதுக்கா. ஆனா இதைப் பாருங்க. இணைப்பு திரும்ப வந்ததுலேர்ந்து மதியம் வரைக்கும் அது நீட்டிக்கிட்டேதான் இருந்திருக்கு. இவர் ஒண்ணைக்கூட எடுத்துக்கல."

"என்ன சொல்லை நீட்டுச்சு?"

"அதெல்லாம் எங்களுக்குத் தெரியாது."

"தெரியாதா, சொல்லக்கூடாதா?"

அவன் தன் கருவிப் பெட்டியை மூடினான். "போதும் யாதிரா" என்றாள் அம்மா. "பிள்ளை வெயில்ல வந்திருக்கு, காபி கொடு."

அவனுக்குக் காபி கொடுத்து அனுப்பிவிட்டு வந்தபோது அம்மா போர்வையை மடித்துக்கொண்டிருந்தாள்.

"காலைல நீ பாத்தியாம்மா?"

"என்னத்தை?" என்றாள் அம்மா. மடித்ததை உதறி, மறுபடி முதலிலிருந்து மடிக்கத் தொடங்கினாள்.

வெளியே யாரோ ஜெபமாலையைத் தொடங்கினார்கள். யாதிரா சவப்பெட்டியில் கிடந்த அப்பாவின் தலைமாட்டில் போய் நின்றாள். காதின் பின்னால் ஒட்டியிருந்த பஞ்சு தெரிந்தது. பக்கத்து முடியை இழுத்து அதை மூடினாள். முடி நிற்காமல் எழும்பியது. சவப்பெட்டிக்கு அடியில் வைத்திருந்த ஐஸ் தட்டின் தண்ணீரில் விரலை நனைத்து, மறுபடி மெல்ல அழுத்தி வாரிவிட்டாள்.