இடது பக்கத்துச் சின்ன லிவர்

அன்று காலை பத்து மணிக்குத் தச்சநல்லூர் வீட்டில் இருந்தவர்கள் நான்கு பேர். என் கணவரின் அண்ணன் காசிலிங்கம் அத்தான், திருச்செந்தூரிலிருந்து வந்தவர், ஃபேனுக்கு நேர் கீழே நாற்காலியில். அவர் மனைவி பிரேமலதா அக்கா கட்டிலில். வண்டியை வாங்கவிருந்த கோயம்புத்தூர் டாக்டர் அனுப்பிய மெக்கானிக் பெருமாள்ராஜ் வாசற்படியில். நான் மேஜையருகே ஸ்டூலில். முற்றத்தில் வண்டி: 1953ஆம் வருடத்து ட்ரையம்ப் மோட்டார் சைக்கிள், இரட்டை சிலிண்டர்.

மேஜையில் ஒரு தாள். ‘வாரிசான எனக்கு இவ்விற்பனையில் ஆட்சேபணை இல்லை.’ கீழே என் பெயர், கலையரசி. பக்கத்தில், டாக்டரின் முகவரியை அத்தான் எழுதி ஸ்டாம்பும் ஒட்டி வைத்திருந்த கவர்.

“கையெழுத்தைப் போடு தாயி. தம்பி போயி ஒரு வருசமாச்சு. ஓட்ட ஆளில்லாம துருப்பிடிக்கவா?”

“நான் விக்கலைன்னு தை மாசமே சொல்லிட்டேன் அத்தான்.”

“வச்சு என்ன செய்யப் போற? துணி காயப் போடவா?” அக்கா சிரித்தாள்.

மெக்கானிக் எழுந்துபோய் உதைத்தார். கிக்கர் திருப்பி அடித்தது. கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

“கழுதைல்லா வே இது!”

“தள்ளும் வே. எந்தம்பி ஒரே உதையில கிளப்புவான்.” அத்தான் வேட்டியை மடித்துக் கட்டினார். ஆறு உதை. மூச்சு வாங்கியது. “இஞ்சின் போச்சு. இங்கன யாராச்சும் இதைக் கிளப்பிட்டா அவங்களே வச்சுக்கிடட்டும்.”

தம்பி தெருவில் ஓட்டிப் போனதைத்தான் அவர் பார்த்திருக்கிறார். கேட்டுக்குள் கிளப்பியது யார் என்று பார்த்ததில்லை. கல்யாணமான ஐந்தாம் வருடம் என் கணவர் இசக்கிதுரைக்கு வலது முழங்கால் போனது. அன்று முதல் இருபத்திரண்டு வருடம் உதைத்தது நான். இந்த ஒரு வருடமாக விடியற்காலையில் பைபாஸ் வரை ஓட்டியதும் நான்.

சேலையைச் செருகினேன். கார்புரேட்டர் பொத்தானைப் பெட்ரோல் சொட்டும்வரை அமுக்கினேன். ஹேண்டிலில் இடது பக்கத்துச் சின்ன லிவரைத் திருப்பிவைத்தேன். அதை மறந்தால்தான் திருப்பி அடிக்கும். பைய ஒரு மிதி. பிறகு ஒரே உதை.

முற்றம் அதிர்ந்தது.

“ஆத்தாடி!” என்றார் மெக்கானிக்.

“வீட்டு ஆளைக் கழுதை உதைக்காது அண்ணாச்சி.”

வண்டி ஓடிக்கொண்டிருக்க, உட்கார்ந்து வேறு தாளில் எழுதினேன். ‘ஐயா, வண்டி விற்பனைக்கு இல்லை. ஓட்டுகிறவர் இருக்கிறார். இப்படிக்கு, கலையரசி.’ மடித்துக் கவரில் வைத்துப் பசை தடவினேன்.

“ஏ, அது நான் ஸ்டாம்பு ஒட்டுன கவருல்லா?”

“ஆமா அத்தான். அட்ரஸும் சரியாத்தான் எழுதியிருக்கீக.”

தபாலாபீஸ் வரை ஓட்டிப் போய், வண்டியை அணைக்காமலே சிவப்புப் பெட்டியில் போட்டேன்.