பத்துத் தப்படி

சங்கச் செயலாளர் தாளை என் சாப்பாட்டு மேசையில் விரித்தார். எங்கள் கடற்கரைக் குடியிருப்புக்கு ஐம்பது வயது. நுழைவாயிலில் வரலாற்றுப் பலகை வைக்கப்போகிறார்கள். முதலில் மணலில் நான்கு கூடாரங்கள், பிறகு தகரக் கொட்டகைகள், கிணறு, பள்ளி, பேருந்து என்று எல்லாம் வரிசையாக இருந்தன. ஐந்தாவது வரியில் என் கணவர். ‘கொத்தனாரின் அளவுப் பிழையால் கடலுக்கு மிக அருகே அமைந்த முதல் வரிசை, முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய புயலில் அழிந்தது. அவர் உட்பட ஒன்பது பேர் இறந்தனர்.’

“பேரு போடலக்கா. யார் மனசும் நோகக் கூடாதுல்ல? பாத்துட்டு ஒரு கையெழுத்து மட்டும் போட்டுடுங்க.”

“நொந்தா என்ன?” என்றாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் நாத்தனார். “எங்கண்ணன் வீடு கட்டினானா, கடலுக்கு விருந்து வச்சானா?”

அவள் கணவரும் அந்த ஒன்பதில் ஒருவர். அன்று பெண்களைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு ஆண்கள் சாமான் எடுக்கத் திரும்பிப் போனார்கள். அன்றிலிருந்து நானும் அவளும் ஒரே வீட்டில்தான். எனக்கு அவளை விட்டால் யாருமில்லை. அண்ணனைத் திட்டாத நாளில் அவளுக்குச் சோறு இறங்காது. முப்பது வருடமாக நான் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவேன்.

கொந்தளிப்பு மாதத்தில்தான் கோடு போட வேண்டும் என்பது இங்கே வழக்கம். அலை ஏறி நின்ற ஈரத்திலிருந்து அறுபது தப்படி. என் கணவரும் அப்படித்தான் அளந்து எங்கள் வீட்டு மூலைக்கு முளை அடித்தார். இரண்டு மாதத்தில் கடல் அடங்கி, கரை மைதானமாக அகன்றது. நான் புதுப்பெண். “அடுப்படியிலேர்ந்து கடலே தெரியாது போலிருக்கே,” என்றேன். “அது எங்க போயிடும்? தானா வரும்,” என்று சிரித்தார்.

மறுநாள் அவர் சுண்ணாம்பு எடுக்கப் போயிருந்தபோது முளையைப் பிடுங்கிக் கடல் பக்கமாகப் பத்துத் தப்படி தள்ளி நட்டேன். திரும்பி வந்தவர் பழைய குழியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். காலால் மணலைத் தள்ளிக் குழியை மூடினார். அந்த முளையில் கயிறு கட்டித்தான் வரிசை முழுவதும் எழும்பியது.

புயலன்று கடல் வரிசையை விழுங்கி, வீட்டுக்குக் கரைப்பக்கம் இருந்த எங்கள் கிணற்றோடு நின்றுவிட்டது. பத்துத் தப்படி போதுமாக இருந்திருக்குமா, தெரியாது.

பேனாவை எடுத்து ‘கொத்தனாரின் அளவுப் பிழையால்’ என்பதை அடித்தேன்.

“அப்ப என்னக்கா எழுதறது?”

“நாளைக்குச் சொல்றேன்.”

செயலாளர் போனதும் நாத்தனாரைக் கூப்பிட்டேன். “கடல் உள்வாங்கியிருக்கு. வா.”

“இந்த வெயில்லயா? முட்டிவலி எங்க போச்சு அண்ணி?” என்று முனகிக்கொண்டே வந்தாள்.

இடிந்துபோன எங்கள் பழைய வீட்டின் மூலைத்தூண் பாசி பிடித்து மணலுக்கு மேலே ஒரு முழம் தெரிந்தது. அதில் முதுகை ஒட்டி நின்று, கரையைப் பார்த்து, வாய்விட்டு எண்ணிக்கொண்டே நடந்தேன். பத்தில் நின்றேன்.

“உங்கண்ணன் முளை அடிச்சது இங்கதான்.”

அவள் என் காலைப் பார்த்தாள். பிறகு திரும்பித் தூணை நெடுநேரம் பார்த்தாள்.

“அப்ப அங்க கொண்டுபோனது யாரு?”

என் குதிகால் அழுந்திய குழியில் அடியிலிருந்து நீர் ஊறிக்கொண்டிருந்தது.