மூன்றாவது தட்டு

அக்கா இறந்து ஏழு மாதம் கழித்து, அவள் பார்த்த வேலைக்கே தங்கையை எடுத்துக்கொண்டார்கள். தாவர ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் அவளைச் சின்னவள் என்றே கூப்பிட்டார்கள். அக்காவின் ஆறு வயது மகளும் இப்போது அவளிடம்தான். அம்மா போனதற்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத பிள்ளை.

அக்காவின் வேலை கேட்பதற்கு விளையாட்டுப் போல இருக்கும். வெளிச்சமும் வெப்பமும் அளந்து விடப்படும் வளர்ப்பறைக்குள் தினமும் காலை பத்து மணிக்குப் போய், மூன்றாவது தட்டு நாற்றுகளை விரலால் இருபது முறை வருடிக்கொடுக்க வேண்டும். தொடுவதைச் செடி ஆபத்தென்று எடுத்துக்கொள்ளும். உயர்வதை நிறுத்திவிட்டு, செல்சுவர்களைத் தடிப்பாக்கிக்கொண்டு குட்டையாய், கெட்டியாய், தண்ணீர் குறைந்தாலும் வாடாமல் நின்றுவிடும். அந்த ஆய்வு அக்காவோடு முடிந்தது. இப்போது நடப்பது தண்ணீர் குறைக்கும் ஆய்வு. எதையும் யாரும் தொடக் கூடாது.

ஆனால் மூன்றாவது தட்டு மட்டும் வளரவே இல்லை.

"கையை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க முடியலையாம்மா?" என்று கடிந்துகொண்டார் பேராசிரியர்.

"சத்தியமா நான் தொடல சார்."

"அப்ப செடிங்க என்ன, பிடிவாதமா பிடிக்குது?"

அவள் ஒரு தண்டை மெல்லிசாகச் சீவி நுண்ணோக்கியில் வைத்தாள். செல்சுவர்கள் மற்றத் தட்டுகளில் இருப்பதைப்போல இரண்டு பங்கு தடிப்பு. புது மண், புது விதை போட்டு அறையைப் பூட்டிச் சாவியைத் தன்னிடமே வைத்துக்கொண்டாள். அப்போதும் அதே கதைதான். கடைசியில் கேமரா வைத்தார்கள்.

காற்றாடி நின்றிருந்த அறையில், சரியாகப் பத்து மணிக்கு, வலதுகோடி நாற்று தலை சாய்ந்து நிமிர்ந்தது. பிறகு அதற்கடுத்தது. இடதுகோடிவரை போய், மறுபடி முதலிலிருந்து. சின்னவள் எண்ணினாள். இருபது.

"ஏதாவது மெஷின் அதிர்வா இருக்கும்," என்றார் பேராசிரியர். குரலில் சுரத்தே இல்லை.

மறுநாள் பத்து மணிக்கு அவள் தட்டின் நடுவே தன் கையைக் குறுக்காக வைத்துக்கொண்டு நின்றாள். வலப்பக்க நாற்றுகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்து அவள் கைவரை வந்தன. பிறகு அவள் புறங்கையின் மேல் சில்லென்று ஏதோ நகர்ந்தது. ஒரு விரல்நுனி அளவுதான். அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஆனாலும் கையை எடுக்கவில்லை.

"அக்கா, ஆராய்ச்சி முடிஞ்சிருச்சு. நீ இனிமே வர வேணாம்."

நாற்றுகள் அசையாமல் நின்றன.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனால், பிள்ளை அழுது அழுது முகம் வீங்கி உட்கார்ந்திருந்தாள்.

"என்னடா கண்ணு?"

"இன்னைக்கு அம்மா வந்து தலையத் தடவல சித்தி."

அக்கா போனதிலிருந்து அந்தப் பிள்ளைக்குப் புதுச் சட்டையே தேவைப்படாதது அப்போதுதான் சின்னவளுக்கு உறைத்தது.

மறுநாள் ஓட்டமாய்ப் போய்த் தட்டின்முன் நின்று, "தெரியாம சொல்லிட்டேன், வாக்கா," என்று கெஞ்சினாள். பத்து மணி தாண்டியது. பத்தரையும் ஆயிற்று. ஓர் இலைகூட அசையவில்லை.

அதன்பின் அந்தத் தட்டு கிடுகிடுவென்று வளர்ந்தது. தண்ணீரை நிறுத்திய நான்காம் நாள், மற்றத் தட்டுகளைப்போலவே துவண்டு சரிந்தது. அந்த மாதமே பிள்ளையும் இரண்டு விரற்கடை உயர்ந்துவிட்டாள். தொட்டதற்கெல்லாம் அழுதாள்.